முடிச்சுப் போடாத போர்வை

கடகட... கடகட. கொஞ்சம் நிற்கும். மறுபடியும் கடகட.

ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் என் சத்தத்தைத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் எலி என்று நினைத்துக் காலைத் தூக்கி வைத்துக்கொண்டதுண்டு. எலி இல்லை. ஒரு எவர்சில்வர் வாளி, அதற்குள் நூல் சுற்றிய அட்டைக் கோன் ஒன்று. நான் நூலை இழுக்க இழுக்கக் கோன் வாளிக்குள் உருளும். குரோஷாப் போர்வை பின்னுகிறவனின் தொழில் மொத்தமும் இவ்வளவுதான்: ஒரு கொக்கி ஊசி, ஒரு நூல், ஒரு சத்தம், அப்புறம் எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ணுவது. கையில் கொக்கி பிடித்தவர்கள் யாராவது இதைப் படித்தால் தலையாட்டுவீர்கள். நூற்று முப்பத்தெட்டாவது கண்ணியில் இருக்கும்போதுதான் யாராவது வந்து நம்மிடம் மணி கேட்பார்கள்.

எனக்கு ராத்திரி வேலை. திருச்சுழி ரோட்டில் ஒரு நூல் மில்லின் கேட்டில், இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை வாட்ச்மேன். கண் சொருகாமல் இருக்க ஏதாவது செய்ய வேண்டும் என்று பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஆரம்பித்தது இது. சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. போனில் ஒரு வீடியோ. ஏதோ ஒரு நாட்டுப் பெண்ணின் ரெண்டு கைகள் மட்டும் தெரியும். சத்தத்தைக் குறைத்து வைத்துத்தான் பார்த்தேன். கூட்டி வைத்திருந்தாலும் பாஷை புரிந்திருக்காது. அதனால் எந்தப் பின்னலுக்கும் அதன் சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. நானாக ஒரு பெயர் வைத்துக்கொண்டேன். குட்டைக் கண்ணி, நெட்டைக் கண்ணி, விசிறி, சோளப்பொரி, கண்மாய் அலை.

அருப்புக்கோட்டையில் போர்வையா என்று சிரிக்காதீர்கள், நிறையப் பேர் ஏற்கெனவே சிரித்துவிட்டார்கள். கம்பளி நூல் நம் ஊருக்கு ஆகாது. மில்களில் கழித்துவிடும் அடிக்கோன்களில் கொஞ்சம் பருத்தி நூல் மிச்சமிருக்கும். டவுனில் எடைக்குக் கிடைக்கும். ஆறு இழையை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றினால் போர்வைக் கனத்துக்கு வரும்.

இப்போது பழசையெல்லாம் நினைக்கக் காரணம் ஒரு போர்வை. மூன்று வருஷமாக முடியாமல் கிடந்த போர்வை. அது முடிந்ததும் முடிவு சொல்கிறேன் என்று என் மனைவி பாண்டியம்மாள் சொல்லியிருந்தாள். ஓசூரில் மகள் வீட்டில் இருக்கும் அவள் இங்கே திரும்பி வருவாளா, இல்லை நான் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு அங்கே போக வேண்டுமா. அந்த முடிவு. சதுரம் பின்னுகிறவர்களைப் போல நடுவிலிருந்து ஆரம்பித்து அங்கே வருகிறேன்.

குல்லா

எல்லோரும் முதலில் போடுவது சதுரம்தான். நடுவில் ஒரு சின்ன வளையம், அதைச் சுற்றி ஒரு சுற்று, அதைச் சுற்றி இன்னொரு சுற்று. நாலு மூலையிலும் கண்ணியைக் கூட்டிப் போட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. அந்த வீடியோப் பெண் மூலைக்கு வரும்போதெல்லாம் எவனாவது லாரிக்காரன் கேட்டைத் தட்டியிருக்கிறான். மூலையில் கூட்டாவிட்டால் துணி விரியாது, உள்ளே குவியும். நாலு நாள் உழைப்பில் எனக்குக் கிடைத்தது கிண்ணம் மாதிரி ஒரு சாமான்.

அப்போது பாண்டியம்மாள் ஒரு தையல் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். டூட்டி முடிந்து எட்டு பத்துக்கு நான் சைக்கிளில் வந்து இறங்குவேன். எட்டே காலுக்கு அவளுடைய கம்பெனி வேன் வந்துவிடும். ராத்திரி எட்டு மணிக்கு அவள் திரும்புவதற்குள் நான் கிளம்பியிருப்பேன். அவள் போனதும் ராத்திரிக் குழம்புக்கான காயை அரிவாள்மனையில் நறுக்கி, தண்ணீரில் போட்டு மூடி வைத்துவிட்டுப் படுப்பது என் வேலை. வந்து சமைப்பது அவள் வேலை. ஒரு நாளைக்கு நேருக்கு நேர் பார்ப்பது அஞ்சு நிமிஷம். அந்த அஞ்சு நிமிஷத்தில்தான் என் முதல் போர்வையை அவளிடம் நீட்டினேன். வாங்கினாள், திருப்பிப் பார்த்தாள், தண்ணீர்க் குடத்தின் மேல் கவிழ்த்தாள். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. வெளியே வேன் ஹாரன் அடித்தது. செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஊருக்கே வேர்த்து ஊத்துது, நீங்க கொடத்துக்குக் குல்லா போட்டு விட்டிருக்கீக."

மேனேஜர்

ஒருநாள் விடியும் நேரத்தில் மேனேஜர் முன்னறிவிப்பு இல்லாமல் வந்துவிட்டார். வாட்ச்மேன் தூங்குகிறானா என்று பார்க்க, காரை ரோட்டிலேயே நிறுத்திவிட்டு மெதுவாக நடந்து வந்திருக்கிறார். நான் மடியில் விசிறிப் பின்னலோடு உட்கார்ந்திருந்தேன். விசிறி என்றால் ஒரே ஓட்டைக்குள் அஞ்சு நெட்டைக் கண்ணியைத் திணிப்பது. விரித்த விசிறி மாதிரி நிற்கும், பார்க்க அழகு. ஆனால் பாதியில் எழுந்தால் போச்சு. நாலு போட்டிருந்தேன். ஐந்தாவதையும் போட்டுவிட்டுத்தான் எழுந்து சல்யூட் வைத்தேன். அவர் வாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், போர்வையின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"தூங்குற வாட்ச்மேனைக் கையும் களவுமாப் பிடிச்சிருக்கேன். பின்னுற வாட்ச்மேனைப் பிடிச்சு நான் என்னத்தன்னு எழுதுறது?"

ஊக்கு

மூலையில் கூட்டக் கற்றுக்கொண்ட பிறகு பின்னல் நேரானது. வீட்டுக்கு வந்ததும் பையை ஆணியில் மாட்டுவேன். பாதியில் நிற்கும் கண்ணி அவிழாமலிருக்க அதில் ஒரு ஊக்கைக் குத்தி வைப்பேன். எல்லோரும் செய்வதுதான். ஒரு ராத்திரி பையை எடுக்க மறந்து டூட்டிக்குப் போய்விட்டேன். மறுநாள் ராத்திரி கேட்டில் உட்கார்ந்து பையைப் பிரித்தால், நான் விட்ட இடத்துக்கு மேல் ரெண்டு சுற்று கூடுதலாக இருந்தது. என் கை கொஞ்சம் தளர்த்தி. இந்த ரெண்டு சுற்றும் மிஷின் தையல்போல இறுக்கமாக இருந்தன. ஊக்கும் என்னுடையது இல்லை. அவள் சேலை மடிப்பில் குத்தும் சின்ன ஊக்கு.

என் பங்குக்கு ரெண்டு சுற்றுப் போட்டு, அதே ஊக்கைக் குத்தி ஆணியில் மாட்டினேன். மறுநாள் பையை வேண்டுமென்றே வீட்டில் விட்டுப் போனேன், மறுபடி ரெண்டு சுற்று. ஒரு ராத்திரி என்னிடம், ஒரு ராத்திரி அவளிடம் என்று இப்படித்தான் வழக்கமானது. ஊக்கு இருந்தால் இன்னும் பின்னலாம் என்று அர்த்தம். நூலை நறுக்கி முடிச்சுப் போட்டிருந்தால் போர்வை முடிந்தது. பதினோரு வருஷம் எங்கள் வீட்டிலிருந்து போன போர்வையெல்லாம் இப்படி ஆள் மாற்றி ஆள் போட்டவை. ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வீட்டில் இருப்போம், அன்றைக்கு மட்டும் அந்தப் பையை யாரும் தொட மாட்டோம். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கேட்டேன், யார் சொல்லிக் கொடுத்தது என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதுக்கு யாரு சொல்லிக் குடுக்கணும்? நீங்க ஒரு ஓட்டைக்குள்ள எத்தனை தடவை நுழையிறீகன்னு எண்ணிப் பார்த்தேன், அம்புட்டுத்தான்."

கண்மாய் அலை

எனக்கு ரொம்பப் பிடித்த பின்னல் எது என்று கேட்டால் அலையைத்தான் சொல்வேன். மேட்டில் ரெண்டு கண்ணி கூட்ட வேண்டும், பள்ளத்தில் ரெண்டு கண்ணி விழுங்க வேண்டும். ஏறி இறங்கி, ஏறி இறங்கிப் போகும். மேட்டில் கூட்டியதைப் பள்ளத்தில் குறைக்க மறந்தால் போர்வை ஒரு பக்கம் அகன்றுகொண்டே போகும். மறக்காதவர்கள் யார்? நூலையும் அது வாரித் தின்னும்.

நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்க்கும் ஒரு அம்மா, மகள் கல்யாணச் சீருக்கு அலைப் போர்வை கேட்டார். மாப்பிள்ளை ஊட்டியில் வேலையாம், குளிருமாம். நீலமும் வெள்ளையுமாக ஒன்று ஆரம்பித்தேன். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, எவ்வளவு ஆகியிருக்கிறது என்று பார்க்க வந்தார். பாதிதான் ஆகியிருந்தது. நானும் பாண்டியம்மாளும் சாப்பாட்டு நேரத்தைக்கூடக் கழித்துத்தான் ஓட்டிக்கொண்டிருந்தோம், அதை அவரிடம் எப்படிச் சொல்வது? போர்வையைத் தரையில் விரித்து, ஒவ்வொரு அலையாக விரலை ஓட்டி எண்ணினார். ஒரு பெருமூச்சு விட்டார்.

"எங்க ஊரு கண்மாய்ல இம்புட்டு அலைய நான் பிறந்ததுல இருந்து பார்த்ததில்ல. ஒரு நாலு அலையக் கொறைச்சுட்டு சுருக்கா முடிங்கண்ணே, மாப்பிள்ளை வீட்டுல யாரும் எண்ணப் போறதில்ல."

பேரன் போர்வை

மகள் கவிதாவுக்குப் பிரசவம் எங்கள் வீட்டில்தான். குழந்தை பிறந்து அஞ்சாம் மாசம் அவளையும் பேரனையும் ஓசூரில் கொண்டுபோய் விட பாண்டியம்மாள் கிளம்பினாள். கவிதா வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூணு மாசம் கூட இருப்பது என்று பேச்சு. தையல் கம்பெனியில் சொல்லிவிட்டாள். "அவ வீட்டுல எல்லாம் கத்திதான், எனக்குச் சரிப்படாது" என்று அரிவாள்மனையைப் பழைய வேட்டியில் சுற்றி எடுத்துப் போனாள். மூணு மாசம் மூணு வருஷமானது. நடுவில் ரெண்டு தடவை வந்து போனாள். ரெண்டு தடவையும் முதலில் நான் அவள் பையைத்தான் பார்த்தேன். அரிவாள்மனை வரவில்லை. கத்தி எனக்கும் சரிப்படவில்லை. காய் நறுக்குவதையே விட்டுவிட்டேன். ரசம், முட்டை, கடை இட்லி என்று ஓடியது.

அவள் கிளம்பும்போது பேரனுக்காக ஒரு சதுரம் ஆரம்பித்திருந்தேன். தொட்டில் அளவு வந்ததும் ஊக்கைக் குத்தி ஆம்னி பஸ் பார்சலில் அனுப்பினேன். ஒரு மாசத்தில் திரும்பி வந்தது. நாலு சுற்று கூடியிருந்தது, ஊக்கும் இருந்தது. நான் நாலு சுற்றுப் போட்டு அனுப்பினேன். அது மறுபடி வந்தது. "அப்பா, வேலையை விட்டுட்டு இங்கயே வந்துருங்களேன்" என்று கவிதா கேட்டபோது, அம்மா என்ன சொல்கிறாள் என்றேன். பாண்டியம்மாள் போனை வாங்கி, "போர்வை முடியட்டும்ங்க, அப்புறம் சொல்றேன்" என்றாள். வரிசை வரிசையாகப் போடும் போர்வைக்கு நீளம் போதும் என்று ஒரு இடம் வரும். நடுவிலிருந்து சுற்றிக்கொண்டே போகும் சதுரத்துக்கு அப்படி ஒரு இடம் கிடையாது. நூல் இருக்கிறவரை வளரும். தொட்டிலுக்குப் போட்டது கட்டிலுக்கு வந்தது. கட்டிலைத் தாண்டியது. பஸ் ஆபீஸில் பார்சல் எடுக்கும் முத்துராமன் என் வயசுக்காரர். ஒருநாள் ரெண்டு கையாலும் தூக்கி மேஜையில் போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

"ஏலே, முதல்ல இது பையில வந்துச்சு, அப்புறம் சாக்குல வந்துச்சு. இது போர்வையா, கல்யாணப் பந்தலா?"

சோளப்பொரி

நெட்டைக் கண்ணி அஞ்சைப் போட்டு, ஊசியை எடுத்து, முதல் கண்ணியில் நுழைத்து இழுத்தால் அஞ்சும் சேர்ந்து ஒரு பொரியாகப் புடைத்துக்கொள்ளும். சோளப்பொரி. விரலுக்குக் கொடுமை, கண்ணுக்கு நிறைவு. வீரசோழன் ஊரில் ஹமீதாக்கா இதற்கு நிரந்தர வாடிக்கை. அவர் மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். ஒரு அறைக்கு ஆறு பேர், நாள் முழுக்க ஏசி ஓடுமாம். இந்த வறண்ட பூமியில் என் போர்வைக்கு ஆள் இருக்கிறது என்றால் இப்படி அங்கே ஏசியில் நடுங்குகிற பிள்ளைகளை நம்பித்தான். ஊருக்கு வந்து திரும்புகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்.

மூன்றாவது போர்வையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா டீ போட்டுக் கொடுத்தார். "தூங்கி எந்திரிச்சா கன்னத்துல பொரி பொரியாப் பதிஞ்சிருக்காம் தம்பி. கூட இருக்கவுக அம்மைன்னு பயந்துட்டாகளாம்." சிரித்தார். "ஏசியக் கொறைச்சு வைங்கடான்னா மாட்டாங்களாம். ஏசியும் வேணுமாம், போர்வையும் வேணுமாம்." அப்புறம் பொரிகளின் மேல் உள்ளங்கையை வைத்துத் தேய்த்துக்கொண்டே, "வீட்டுல வந்துட்டாகளா?" என்றார். பாண்டியம்மாளைத்தான் கேட்கிறார். பேரன் போர்வை முடியட்டும் என்று சொல்லியிருக்கிறாள் என்றேன், முழுக் கதையையும் சொன்னேன். எட்டு வருஷமாக அவர் மகன் ஊருக்கு வரவில்லை. அவர் போர்வையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நீங்க ரெண்டு பேரும் காத்திருக்கதுக்கு ஒரு போர்வையாச்சும் வச்சிருக்கீக தம்பி. நான் சும்மாவுல்ல காத்திருக்கேன்."

பன்னிரண்டு நாள்

சரி, போய்த்தான் பார்ப்போமே என்று லீவு போட்டு ஓசூருக்குப் போனேன். நல்ல வீடு. மூன்றாவது மாடி, லிப்ட் உண்டு. மருமகன் மரியாதையானவர். பேரன் என் வாளியை விடவே மாட்டான், தலையில் கவிழ்த்துக்கொண்டு சுவரில் முட்டுவான். பகலில் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ராத்திரி எல்லோரும் தூங்கிவிடுவார்கள். பதினாலு வருஷமாக ராத்திரி விழித்த உடம்பு, படு என்றால் படுக்குமா? கதவுத் தாழ்ப்பாளைப் பார்ப்பேன். பால்கனியிலிருந்து காம்பவுண்டைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் கீழே இறங்கினேன். ஒரு பைக் பூட்டாமல் நின்றது, அதை ஓரமாகத் தள்ளி வைத்தேன். கேட்டை இழுத்துப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்த ஒரு லைட்டை அணைத்தேன்.

அங்கே செக்யூரிட்டி தர்மபுரிப் பக்கத்து ஆள், என்னைவிட மூத்தவர். முதல் ரெண்டு நாள் சிரித்தார். அப்புறம் எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப் போட்டார். நானும் வாளியைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து பின்னினேன். பத்தாம் நாள் விடியும்போது ரவுண்டு போய்விட்டு வந்த என்னை நிறுத்தி, தோளில் கை வைத்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்படி முழிச்சிருந்தா அசோசியேஷன்காரங்க எனக்கு எதுக்கு சம்பளம்னு கேப்பாங்க. தயவு செஞ்சு போய்த் தூங்குங்க."

கோஸ் இலை

திரும்பி வந்தபோது போர்வையை நான் கையோடு கொண்டுவந்துவிட்டேன். அதற்குப் பின் ரெண்டு மாசம் ஓசூருக்கு அனுப்பவில்லை. பேரனுக்குக் காய்ச்சல், வீட்டில் ஆளுக்கு ஆள் ஓட்டம், அவளுக்கு எங்கே நேரம் என்று நினைத்தேன். நானே தனியாக ஆறு சுற்றுப் போட்டேன். ஏழாவது சுற்றைத் தொடங்குமுன் தரையில் விரித்துப் பார்க்கிறேன், போர்வை படுக்க மாட்டேன் என்கிறது. ஓரம் முழுக்கச் சுருள் சுருளாக எழும்பி நிற்கிறது, முட்டைக்கோஸ் இலை மாதிரி. எண்ணிப் பார்த்தேன், மூலைக் கணக்கு சரி. மறுபடி எண்ணினேன், சரி.

பக்கத்து வீட்டு ரெங்கப்பண்ணன் தறிக்காரர். வீட்டில் தெலுங்கு, என்னிடம் தமிழ். சேலைக்குச் சாயம் போட்ட மிச்ச நூலை அவர்தான் எனக்குக் கொடுப்பார். என் வேலையை அவர் துணி என்றே ஒத்துக்கொள்வதில்லை, ஒரு நுனியை இழுத்தால் மொத்தமும் அவிழ்ந்துவிடும் என்பது அவர் கட்சி. அவரைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சுற்றுச் சுற்றாகத் தடவிக்கொண்டே போனார். ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"இதுவரைக்கும் ஒரு கை விட்டிருக்கு, ஒரு கை இழுத்திருக்கு, துணி மட்டமாக் கெடக்கு. இதுக்கு மேல விடுற கை மட்டும்தான் இருக்கு. இழுக்குற கை எங்க போச்சு?"

முடிச்சு

அந்த ஆறு சுற்றையும் பிரித்தேன். பழையபடி பார்சல் ஓடியது. இந்த ஜூனில் பேரன் பள்ளிக்கூடம் சேர்ந்தான். இனி அவளை அங்கே நிறுத்தக் காரணம் பாதிதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. போனில் கேட்டேன், எப்போது என்று. "போர்வை முடியட்டும்ங்க" என்றாள். அது எப்போது முடியும் என்றேன். "இப்ப ஒங்க கையிலதான இருக்கு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்கே உறைத்தது. மூன்று வருஷமாக ரெண்டு பேரும் ஊக்கைக் குத்திக் குத்தி அனுப்பிக்கொண்டிருந்தோம். முடித்தால் பதில் வந்துவிடும். வருகிற பதில் ஓசூராக இருந்தால் நான் என்ன செய்வேன்? அங்கே செக்யூரிட்டிக்குத் துணைக்கு உட்கார முடியுமா? பேரனைப் பார்க்காமல் அவளை இங்கே இரு என்று சொல்ல எனக்கு வாய் வருமா? ரெண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் கடைசிச் சுற்றை மூலையில் கொண்டுவந்து சேர்த்து, கத்தரியை எடுத்து நூலை நறுக்கினேன். நுனியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்தேன். முடிச்சு விழுந்தது. ஊக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். முத்துராமன் மூட்டையை ஏற்றிக்கொண்டார், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. அன்றிலிருந்து வாளியை டூட்டிக்கு எடுத்துப் போகவில்லை. அஞ்சு நாள் போன் இல்லை. நானும் பண்ணவில்லை.

ஆறாம் நாள் காலை எட்டு பத்துக்கு, வீட்டுமுன் சைக்கிள் ஸ்டாண்டைப் போடும்போது கேட்டது. கடகட. கொஞ்சம் நின்று, கடகட.

கதவு திறந்திருந்தது. கூடம் முழுக்கப் போர்வை, சுவருக்குச் சுவர். காலை வைக்க இடமில்லை. அதன் ஒரு மூலையில், பஸ்ஸில் கசங்கிய சேலையோடு பாண்டியம்மாள் உட்கார்ந்திருந்தாள். நான் போட்ட முடிச்சுக்குப் பக்கத்திலேயே புது நூலைச் சேர்த்திருந்தாள். நிமிரவில்லை, உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாள். எண்ணும்போது பேசக் கூடாது என்பது உங்களுக்கும் தெரியும். வாசலிலேயே நின்றேன். மூலை வந்ததும் ஊசியை நிறுத்தினாள்.

"யாரக் கேட்டு முடிச்சுப் போட்டீக?"

"நீதான முடியட்டும்ன?"

"ஓரம் போடாம எந்தப் போர்வை முடிஞ்சிருக்கு? எத்தனை வருஷமாப் பின்னுறீக, இதுகூடத் தெரியாதா?"

"பிள்ளை?"

"பள்ளிக்கூடம் விட்டதும் பக்கத்துல பிள்ளைகளப் பாத்துக்குற இடத்துல விடுறா. மாசம் ஒருக்க வந்து பத்து நாள் இருக்கேன்னு கவிதாட்ட சொல்லிருக்கேன். அவன் அழுதான். பஸ்ஸு ஏறுற வரைக்கும் நானும்தான்." நூலைச் சுண்டி இழுத்தாள், கோன் உருண்டது. "ஓரம் முடியிற வரைக்கும் இங்கதான். பெறகு பார்ப்போம்."

போர்வையை மிதிக்காமல் சுவரை ஒட்டி நடந்து, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன். பழைய வேட்டி சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் சுவரில் சாய்ந்து நின்றது அரிவாள்மனை. ஒரு பையில் கத்தரிக்காய். நான் தண்ணீர் குடிக்காமலே திரும்பிவந்து, ஊசிப் பெட்டியைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிசான கொக்கியைத் தேடி எடுத்து அவளிடம் நீட்டினேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள்.

"இந்த ஊசியில போட்டா ஓரம் முடிய இன்னும் மூணு வருஷம் ஆகும்ங்க."

பதினாலு வருஷத்தில் தயங்கித் தயங்கி, சரியாக யோசித்து நான் போட்ட ஒரே முடிச்சு அதுதான், அதுவும் ஆறு நாள்கூட நிற்கவில்லை என்று நினைத்துக்கொண்டே, கத்தரிக்காயைக் கழுவி எடுத்து வந்து அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.